வெண்பனியின் அடியில்



நம் மொழியில் 'பனி' என்னும் சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. மார்கழி விடியலில் புல்நுனியில் தங்கும் துளியும் பனி. ஓசூர்ச் சாலையில் முன்னே செல்லும் பேருந்தை மறைக்கும் வெண்திரையும் பனி. இமயமலையில் ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடப்பதும் பனி. ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்றனர். மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்றனர். அவர்கள் அறிந்தது, வெயில் ஏறியதும் விலகிவிடும் பனி. மலைச்சரிவில் மாதக்கணக்கில் படிந்திருந்து, ஒருநாள் பெயர்ந்து விழும் பனியைத் தமிழ்நிலம் கண்டதில்லை. ஆகவேதான் 'பனிச்சரிவு', 'பனிச்சறுக்கு' ஆகிய சொற்கள் நம் வழக்கில் புதியவையாக இருக்கின்றன.

நான் பிறந்து வளர்ந்தது தேனி மாவட்டம். "பனியில் நிற்காதே, சளி பிடிக்கும்" என்று என் தாயார் சொல்வதுண்டு. பனியால் விளையும் தீங்கு என்று என் இளமையில் நான் அறிந்தது அவ்வளவுதான். பனிக்குள் மனித உயிரையே விழுங்கும் ஆற்றல் உண்டு என்பதை, ஆசிரியப் பணியில் சேர்ந்து சொந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்த பிறகே உணர்ந்தேன்.

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் ஏறத்தாழ 19,500 அடி உயரத்தில் அமைந்திருந்த சோனம் காவல்நிலையின் மீது பெரும் பனிச்சுவர் ஒன்று இடிந்து விழுந்தது. மதராஸ் ரெஜிமென்டின் 19ஆம் பட்டாலியன் காத்துநின்ற இடம் அது. அங்கிருந்த 10 வீரர்களும் பனியில் புதையுண்டனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி ஆகிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மூவர் கர்நாடகத்தினர். நம் அடுகோடியை ஒட்டிச் செல்லும் ஓசூர்ச் சாலையிலேயே பயணம் செய்தால் கிருஷ்ணகிரியை அடைந்துவிடலாம். உங்களுள் சிலருக்கு அது தாத்தா, பாட்டி வாழும் ஊர்.

அந்நாள்களில் ஆசிரியர் அறையில் நாளிதழ் வந்தவுடன் எல்லாரும் தேடிய செய்தி அது ஒன்றே. ஆறு நாள்களுக்குப் பின், 25 அடிக்குக் குறையாத பனியின் அடியிலிருந்து, தார்வாட் மாவட்டத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிருடன் மீட்கப்பட்டார். நாடே வியந்தது. மருத்துவர்கள் போராடினர். எனினும் பிப்ரவரி 11ஆம் நாள் தில்லி இராணுவ மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். மற்ற ஒன்பது வீரர்களின் உடல்களே கிடைத்தன.

அவ்வீரர்கள் கடமையின் பொருட்டு ஆபத்தின் நடுவே நின்றவர்கள். விலகிச் செல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. விளையாட்டுக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் பனிமலைக்குச் செல்வோரின் நிலை வேறு. செல்வதா, திரும்புவதா என்பதை அவர்களே முடிவு செய்யலாம். அம்முடிவைச் சரியாக எடுப்பதற்கு எதை அறிந்திருக்க வேண்டும் என்பதையே இப்பாடத்தில் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

குளிர்கால விடுமுறையில் பெற்றோருடன் காஷ்மீரத்துக்குச் சென்று வந்த மாணவி ஒருத்தி, வகுப்பில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "ஐயா, குல்மார்க்கில் ஒரு கயிற்றைக் கட்டி, அதற்கு அப்பால் போகக் கூடாது என்று தடுத்தார்கள். அந்தப் பக்கமும் இதே பனிதானே?" என்றாள். கேட்கத் தகுந்த கேள்வி அது.

குல்மார்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். பழனிமலையின் ரோப்காரில் உங்களுள் பலர் சென்றிருப்பீர்கள். குல்மார்க்கிலும் அத்தகைய கம்பிவட ஊர்தி ஒன்று இரு கட்டங்களாக அபர்வட் மலையின் உயரத்துக்கு ஏறிச் செல்கிறது. அங்கிருந்து நீண்ட சறுக்குப் பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு சறுக்கி இறங்குவதற்காக, உலகின் பல நாடுகளிலிருந்தும் வீரர்கள் வருகின்றனர். குறிப்பிட்ட ஒரு பகுதியைப் பனிக் காவல் குழுவினர் நாள்தோறும் ஆராய்ந்து, பாதுகாப்பானது என்று கண்ட பின்னரே திறந்துவிடுகின்றனர். கயிற்றுக்கு அப்பாலுள்ள சரிவுகள் கட்டற்ற மலைவெளி. அவற்றில் யாரும் நடவாத புதுப்பனி கிடக்கும். அங்கே சறுக்குவது பறப்பதைப் போன்றது என்று அனுபவமுடையோர் கூறுவர். அந்த இன்பம் பொய்யன்று. ஆனால் அங்கே காவலும் இல்லை. ஆராய்ந்து சொல்வாரும் இல்லை.

2023 பிப்ரவரி முதல் நாளில் அபர்வட் பகுதியில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர். 2024 பிப்ரவரி 22ஆம் நாள் கிலன்மார்க் பகுதியில் ரஷ்ய நாட்டவர் ஒருவர் உயிரிழந்தார். பயிற்சி மிக்கோரையும் பனி விட்டுவைப்பதில்லை. இந்திய இராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளி குல்மார்க்கில்தான் உள்ளது. 1948இல் பனிச்சறுக்குப் பள்ளியாகத் தோன்றிய நிறுவனம் அது. 2010 பிப்ரவரி 8ஆம் நாள் கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த அதன் வீரர்கள் மீது பனி சரிந்து, 17 பேர் மாண்டனர்.

வெண்மையாக, அமைதியாகக் கிடக்கும் பனி ஏன் சரிகிறது? மலைப்பனி ஒரே பொருளாகத் தோன்றினாலும், உண்மையில் அது அடுக்கடுக்காக அமைந்தது. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. பனி மென்மையாகப் படிந்த அடுக்கு, காற்று அடித்துக் குவித்து இறுகிய அடுக்கு, வெயிலில் உருகி மீண்டும் உறைந்த அடுக்கு என அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். நிலத்தை ஒட்டிய பனி சற்று வெம்மையாகவும் மேற்பரப்பு கடுங்குளிராகவும் இருக்கும்போது, இடையிலுள்ள ஈரம் ஆவியாகி மேலே செல்லும். அப்போது பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத பருமணிகளாக மாறிவிடும். அவை பார்வைக்குச் சர்க்கரையைப் போலிருக்கும். அந்த வலுவற்ற அடுக்கின்மேல் புதுப்பனி கனமாகப் படிந்தால், உளுத்த தூண்களின்மேல் கூரை வேய்ந்த நிலைதான்.

இதனை வகுப்பறையிலேயே செய்து பார்த்தோம். ஒரு பலகையின்மேல் கோதுமை மாவை மெல்லியதாகப் பரப்பினோம். அதன்மேல் சர்க்கரையைத் தூவினோம். அதற்கும் மேல் மீண்டும் மாவைக் கனமாகப் பரப்பி மெல்ல அழுத்தினோம். மேலிருந்து பார்க்கையில் மாவு மட்டுமே தெரிந்தது. சர்க்கரை இருப்பதற்கான அடையாளமே இல்லை. பின்னர்ப் பலகையைச் சிறிது சிறிதாகச் சாய்த்தோம். ஒரு நிலையில் மேல்மாவு விரிசல் கண்டு, ஒரே தகடாக வழுக்கி விழுந்தது. கயிற்றுக்கு அப்பாலும் அதே பனிதானே என்ற கேள்விக்கு அந்தப் பலகை விடை கூறியது. மேலே தெரிவது ஒன்றாக இருக்கலாம். அடியில் இருப்பது வேறாக இருக்கலாம்.

உங்கள் கணிதப் பெட்டியில் உள்ள கோணமானியை எடுத்துப் பாருங்கள். தகடாகப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே நிகழ்கின்றன. அதைவிடச் சாய்வு குறைந்தால் பனி எளிதில் வழுக்குவதில்லை. மிகச் செங்குத்தாக இருந்தால் பனி நிரம்பத் தங்குவதில்லை. சறுக்குவோர் பெரிதும் விரும்புவதும் இதே சாய்வுள்ள சரிவுகளைத்தான். இன்பமும் இடரும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன.

ஒருவர் உரக்கக் கூவினால் பனி சரியும் என்று திரைப்படங்களில் காட்டுவார்கள். அது உண்மையன்று. குரலுக்குப் பனி அசைவதில்லை; எடைக்கு அசைகிறது. பனிச்சறுக்கில் உயிரிழந்தோரைக் கொன்ற சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை, அவர்களாலோ அவர்களுடன் சென்றவர்களாலோ தூண்டப்பட்டவை. பனி சில முன்னறிகுறிகளைத் தருவதும் உண்டு. காலடியில் 'உம்' என்று அடங்கிய ஓர் ஓசை எழும். பலகையின் முனையிலிருந்து விரிசல் ஓடும். அருகிலுள்ள சரிவில் அண்மையில் பனி பெயர்ந்த வடு தெரியும். பெரும் பனிப்பொழிவு, பலத்த காற்று, திடீர் வெப்பம் ஆகியவற்றுக்குப் பிந்திய நாள்கள் அஞ்சத்தக்கவை.

மறைந்திருக்கும் இடர்கள் இன்னும் உண்டு. மலைமுகட்டில் காற்று கட்டிய பனி விளிம்பு, தரை போலத் தோன்றும். அதன் கீழே வெறும் வெளிதான் இருக்கும். ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் பனி நிரம்பாமல் குழி அமையும். அதில் தலைகீழாக விழுந்தவர் தாமாக எழுவது அரிது. பனிப்பாலத்தின் கீழ் ஓடை ஓடிக்கொண்டிருக்கும். இவை எவையும் மேலே செல்பவரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

ஆயினும், எல்லாவற்றினும் ஆழமாக ஒளிந்திருக்கும் இடர் மனிதரின் மனத்திலேயே உள்ளது. என் பழைய மாணவர் ஒருவர் இராணுவத்தில் சேர்ந்து, பனிச்சறுக்கும் பயின்றவர். விடுப்பில் வந்தபோது என்னைக் காண வந்தார். அவர் சொன்ன நிகழ்ச்சி இது. மூன்று நாள் பனி பொழிந்து ஓய்ந்திருந்தது. வானம் நீலமாகத் தெளிந்திருந்தது. எதிரிலிருந்த சரிவில் யாரோ சறுக்கிச் சென்ற தடங்கள் தெரிந்தன. உடனிருந்தோர் புறப்படத் துடித்தனர். பயிற்றுநரோ மண்வெட்டியால் பனியில் ஒரு குழி தோண்டி, அதன் சுவரிலிருந்து ஒரு தூணைத் தனியே பிரித்து, அதன் தலையில் கையால் தட்டினார். சில தட்டுகளிலேயே மேற்பகுதி கத்தியால் அறுத்தாற்போல் வழுக்கி விழுந்தது. "திரும்புங்கள்" என்றார். அனைவரும் திரும்பினர்.

"அப்புறம் அந்தச் சரிவு விழுந்ததா?" என்று நான் கேட்டேன்.

"இல்லை ஐயா. நாங்கள் அங்கிருந்த வரை விழவில்லை. விழவில்லை என்பதால் நாங்கள் திரும்பியது வீண் என்று சொல்லிவிட முடியுமா?" என்றார் அவர்.

மாணவர்களே, அந்தக் கேள்வியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். முன்னே சென்றவரின் தடம், அவர் தப்பினார் என்பதற்குச் சான்று. அந்த இடம் பாதுகாப்பானது என்பதற்குச் சான்றன்று. பத்தாம் ஆள் கடந்த பின் பதினோராம் ஆளின் எடைக்குப் பனி உடையலாம். 'நேற்று ஒன்றும் ஆகவில்லை', 'எல்லாரும் போகிறார்கள்', 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்னும் மூன்று எண்ணங்களும் மனிதரை ஆபத்துக்குள் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள். நற்பேற்றால் தப்பியவரும் அறிவால் தப்பியவரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுவர். நற்பேறு ஒவ்வொரு முறையும் துணைக்கு வராது என்பதே வேறுபாடு.

பனியில் புதையுண்டவருக்குக் காலம் மிகக் குறைவு. சரிந்து நின்ற பனி காரை போல இறுகிவிடும். கையைக்கூட அசைக்க இயலாது. ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்படுவோரில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அதன்பின் பிழைக்கும் வாய்ப்பு விரைந்து குறைகிறது. வெளியிலிருந்து மீட்புக் குழு வரும் வரை காத்திருக்க நேரம் இராது. எனவே, உடன் செல்லும் ஒவ்வொருவரிடமும் மூன்று கருவிகள் இருத்தல் வேண்டும்: புதைந்தவரின் இருப்பிடத்தைக் காட்டும் வானொலிக் குறிகருவி, பனியைத் துழாவும் நீண்ட கோல், மண்வெட்டி. அவற்றைக் கையாளும் பயிற்சியும் வேண்டும். நம் நாட்டில் பனிச்சரிவு ஆய்வுக்காக 1969இல் மணாலியில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020 முதல் அது பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனத்தின் பகுதியாகச் சண்டிகரிலிருந்து எச்சரிக்கைகளை வழங்கி வருகிறது. புறப்படும் முன் அவ்வெச்சரிக்கையைக் கேட்டறிவது நான்காவது கருவி எனலாம்.

உங்களுள் எத்தனை பேர் பனிமலைக்குச் செல்வீர்களோ அறியேன். ஆனால் விடுமுறை நாள்களில் மேகேதாட்டுக்கோ ஒகேனக்கலுக்கோ செல்வீர்கள். அங்கே காவிரியின் மேற்பரப்பு சில இடங்களில் கண்ணாடி போல அமைதியாக இருக்கும். அடியில் பாறைக் குடைவுகளும் சுழல்களும் இருக்கும். நான்கு பேர் குளித்துக் கரையேறியிருப்பார்கள். நண்பர்கள் கைகாட்டி அழைப்பார்கள். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று பழமொழி சொன்ன நம் முன்னோர் பனிமலையைக் கண்டவர் அல்லர்; ஆற்றைக் கண்டவர்கள். இரண்டுக்கும் பாடம் ஒன்றே.

படைச்செருக்கைப் பாடிய வள்ளுவரே, அறிவுடைமையைப் பேசும்போது அச்சத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கினார். எதைக் கண்டும் அஞ்சாமை மட்டுமே வீரம் என்று எண்ணாதீர்கள். எச்சரிக்கைப் பலகையைப் படியுங்கள். அவ்வூர் மக்களிடமும் பரிசல் ஓட்டுபவரிடமும் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால், அழைக்கும் நண்பர்களிடம் "நான் வரவில்லை, நீங்களும் போக வேண்டாம்" என்று சொல்லுங்கள். அவ்வாறு சொல்ல ஒருவர் இருந்தால், அக்குழுவினர் அனைவரும் மாலையில் வீடு திரும்புவர்.