துணை என்று பெயர் வைத்த கலங்கள்

போன வருடம் ஒருநாள் அம்மா தையல் மெசினில் இருந்தபடியே கூப்பிட்டா. "பிள்ளை, ரெண்டு பாதமும் விறைச்ச மாதிரிக் கிடக்கு." இரண்டு கிழமைக்கு முதல் அவவுக்கு வயிற்றோட்டம் வந்து மாறியிருந்தது. இரண்டையும் நாங்கள் சேர்த்து யோசிக்கவேயில்லை. மூன்றாம் நாள் எழும்பி நிற்கவும் ஏலாமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. கில்லன்-பாரே நோய் என்றார். கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய பிறபொருளெதிரிகள் சிலவேளை நரம்பையும் கிருமியென்று நினைத்துத் தாக்குமாம். "வயர் அறுபடேல்லை தங்கச்சி, மேல்கவர்தான் பழுதாகியிருக்கு."

நான் கலைப்பீடம். நரம்பு என்றால் ஓஎல் புத்தகத்தில் பார்த்த, வால் நீண்ட நியூரோன் படம் மட்டும்தான் ஞாபகம். அன்றிரவு தங்கச்சியின் ஏஎல் உயிரியல் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். நியூரோனுக்கு ஆறு பக்கம். 'துணைக் கலங்கள்' என்ற தலைப்பின் கீழே அரைப்பக்கம். அம்மாவின் வருத்தம் இருந்தது அந்த அரைப்பக்கத்தில்.

அந்தக் கவரின் பெயர் மயலின். அதை நியூரோன் தானாகச் செய்துகொள்வதில்லை. கை கால் நரம்புகளில் சுவான் கலங்கள் தங்கள் மென்சவ்வையே திரும்பத் திரும்பச் சுற்றி உறையாக்குகின்றன. மூளையிலும் முண்ணாணிலும் அந்த வேலையை ஒலிகோடென்ட்ரோசைற்றுகள் செய்கின்றன. தடித்த உறையுள்ள நரம்பில் செய்தி செக்கனுக்கு 100 மீற்றருக்கு மேலும் ஓடும். உறையில்லாத மெல்லிய நரம்பில் அது கிட்டத்தட்ட 2 மீற்றர்தான். உறையோடு ஓடப் பழகிய நரம்பில் உறை போனால், செய்தி பிந்தும், இல்லாவிட்டால் நடுவழியில் நின்றேவிடும்.

மூளையில் நியூரோன்களுக்கிடையே கிடக்கும் இப்படியான கலங்களுக்கு 1856இல் பெயர் வைத்தவர் ருடோல்ஃப் விர்ஷோ. கிளியா. கிரேக்கத்தில் பசை என்று அர்த்தம். இவை நியூரோன்களைவிடப் பத்து மடங்கு என்று நீண்டகாலம் புத்தகங்களில் எழுதிவந்தார்கள். 2009இல் பிரேசில் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது மனித மூளையில் நியூரோன்கள் சுமார் 86 பில்லியன், மற்றக் கலங்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 85 பில்லியன். ஏறக்குறைய சரிசமம். அதோடு இவை வெறும் பசையும் இல்லை. நியூரோன்கள் பேசி முடித்தபின் மிஞ்சும் இரசாயனத்தை அஸ்ட்ரோசைற்றுகள் உறிஞ்சி எடுக்காவிட்டால் அதே இரசாயனம் நியூரோனைக் கொன்றுவிடும்.

வயர் என்ற உவமை அன்றைக்கு எனக்கு உதவியது உண்மை. ஆனால் வீட்டு வயரின் கவர் தானாக வளராது. அம்மாவுக்கு ஏற்றிய மருந்து தாக்குதலைத்தான் தணித்தது. உறையைத் திரும்பச் சுற்றித் தர மருந்து இல்லை. அதைச் சுவான் கலங்கள்தான் செய்யவேண்டும், தங்கள் வேகத்தில். நாங்கள் காத்திருந்தோம்.

ஐந்தாம் மாதம் அம்மா மெசினில் இருந்து தங்கச்சியின் யூனிபோர்ம் ஓரத்தை மடித்துத் தைத்தா. மிதி விட்டுவிட்டுத்தான் ஓடியது. வலது பெருவிரல் இன்னும் விறைப்பு என்கிறா. அங்கே வேலை இன்னும் முடியவில்லைப் போல.