வாடகைக்கு ஒரு விலாசம்

அற்றனுக்கு அண்மையிலே எட்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்த பின்னர், சென்ற ஆண்டின் தொடக்கத்தில் எனக்குக் கொழும்பின் தென்புறத்துப் பாடசாலையொன்றுக்கு இடமாற்றம் கிடைத்தது. கடிதம் வந்த அன்று சக ஆசிரியர்கள் தேநீர் விருந்து வைத்தனர். வீட்டைப் பற்றி எவரும் பேசவில்லை, நானும் எண்ணவில்லை. பேராதனையிலே படித்த காலத்தில் மாணவர் விடுதி, ஆசிரியனான பின் ஆசிரியர் விடுதி, அவற்றுக்கு முன்னர் தோட்டத்து லயம் என்று வாழ்ந்தவன் நான். முப்பத்தைந்து வயது வரையில் வாடகை என்ற ஒன்றை நான் கொடுத்ததே இல்லை. இதைக் கேட்ட கொழும்பு நண்பர் ஒருவர் என்னைக் கொடுத்துவைத்தவன் என்றார். லயத்துக் காம்பராவுக்கு ஏன் வாடகை கேட்கப்படுவதில்லை என்பதை அவர் அறியார். அது வீடன்று, வேலையின் ஒரு பகுதி. தோட்டத்திலே பேர் பதிந்து வேலை செய்யும் வரைக்கும் பத்தடிக்குப் பன்னிரண்டடி உங்களுக்குண்டு. வேலை நின்றால் அதில் இருப்பது எவ்வளவு காலம் என்பது துரையின் மனத்தைப் பொறுத்தது.

வெள்ளவத்தையிலே வீடு தேடுவது ஆசிரியனுக்கு ஆகாத காரியம் என்பதை முதல் ஞாயிற்றுக்கிழமையே உணர்ந்தேன். ஆகவே கால்வாயைக் கடந்து தெகிவளைக்குப் போனேன். காலி வீதியிலே 100 ஆம், 101 ஆம் இலக்க பஸ்கள் ஓய்வின்றி ஓடுகின்றன. கடலோரமாகப் புகையிரதம் போகிறது. நடந்துபோகும் தூரத்தில் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் உள. மூன்று இனத்தவரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இத்தனை வசதிகளுள்ள இடத்தை எல்லாரும் விரும்புவதில் வியப்பில்லை. எல்லாரும் விரும்பும் இடத்தில் வாடகை எந்த உயரத்துக்கு ஏறும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு அறையும் ஒரு குசினியும் கொண்ட ‘அனெக்ஸ்’ ஒன்றுக்கு எனது கைக்கு வரும் சம்பளத்திலே பாதிக்கு மேல் கேட்டார்கள். அதற்கு மேல் ஆறு மாதமோ ஒரு வருடமோ முற்பணம். தரகருக்குத் தனியாக.

ஏழு வாரங்களிலே பதினொரு வீடுகள் பார்த்தோம். பணத்தால் தவறியவை ஐந்தோ ஆறோ. எஞ்சியவை கேள்விகளால் தவறின. ஓரிடத்தில் மாமிசம் சமைப்பீர்களா என்றார்கள். இன்னோரிடத்தில் தங்கள் சமயத்தவருக்கு மட்டுமே கொடுப்பதாக மிக்க மரியாதையோடு சொன்னார்கள். ஒரு சிங்களப் பெரியவர் எங்களை உள்ளே அழைத்துத் தேநீரும் தந்து, உறவினர் எத்தனை பேர் வந்து தங்குவார்கள் என்று கேட்டார். போர்க்காலத்தில் தமிழர் குடியிருந்த வீடு என்பதால் பொலிஸார் இரவிலே வந்து பெயர்ப் பட்டியல் கேட்பார்கள் என்றும், அந்த நடுக்கம் தம் மனைவிக்கு இன்னும் தீரவில்லை என்றும் கூறினார். எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை. 2007 யூன் 7 ஆம் நாள் கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதையும், மறுநாள் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததையும் நாம் மறக்கவில்லை. பட்டியல் கேட்டவர்கள் போய்விட்டார்கள். பயம் வீட்டுக்காரரோடு தங்கிவிட்டது.

தெகிவளையின் பெயரைக் கேட்டதும் எவருக்கும் மிருகக்காட்சிசாலைதான் நினைவுக்கு வரும். அங்கே குடியிருக்கும் யானையிடம் யாராவது ஊர் எது என்று கேட்டார்களா என்று என் மனைவி ஒருநாள் அலுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது வீடு ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவருடையது. வடமராட்சியைச் சேர்ந்தவர், கணவர் இல்லை, பிள்ளைகள் கனடாவில். பின்புறத்து இரண்டு அறைகளைத் தனி வாசலோடு வாடகைக்கு விடுகிறார். மாமரத்தடியிலே கிணறு, பக்கத்திலே துணி துவைக்கும் கல். மகள் அந்தக் கல்லின்மேல் ஏறி அமர்ந்துகொண்டு இறங்க மறுத்தாள். வாடகை 42,000 ரூபா. ஆசிரியர் என்றபடியால் முற்பணம் மூன்று மாதம் போதும் என்றார். என் நெஞ்சு குளிர்ந்தது. பிறகு பேச்சுத் தொடங்கிற்று.

“தம்பி எவ்விடம்?”

“அற்றன்.”

“ரவுணோ?”

“ரவுணுக்குக் கிட்ட.”

“அப்பா என்ன செய்யிறவர்?”

“தோட்டத்தில் வேலை செய்து இளைப்பாறிவிட்டார்.”

“கிளாக்கராய் இருந்தவரோ?”

நான் புன்னகைத்தேன். பொய் சொல்லவில்லை, ஆனால் புன்னகைத்தேன். அம்மையாரும் திருப்தியோடு தலையசைத்தார். வகுப்பறையிலே உழைப்பின் மேன்மையை எத்தனையோ முறை பேசியவன் நான். தோட்டத் தொழிலாளரின் வாழ்வைச் சித்திரிக்கும் கதைகளை மாணவர்க்குக் கற்பித்து, குறிப்பும் எழுதிக் கொடுத்தவன். என் தகப்பனாரின் தொழிலைச் சொல்ல வேண்டிய வேளையில், கிணற்றையும் மாமரத்தையும் அந்தக் கல்லின்மேல் இருந்த குழந்தையையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். வீடில்லாதவனின் கொள்கை எவ்வளவு மெல்லியது என்பதை அன்று கண்டேன்.

சாவியைத் தரும்போது அம்மையார் ஒரு நிபந்தனை சொன்னார்.

“ஒண்டு மட்டும் தம்பி. குறை நினைக்காதையுங்கோ. வாக்காளர் இடாப்பிலை இந்த விலாசத்தைப் பதியக்கூடாது.”

வீட்டுக்காரர்கள் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். வாக்களிப்பது மட்டுமே இதிலுள்ள காரியம் என்றால் பெரிதாக எண்ணியிருக்கமாட்டேன். என் பெயர் இன்னும் தோட்டத்து விலாசத்திலே இருக்கிறது, தேர்தலுக்குப் பஸ் ஏறிப் போகலாம். ஆனால் நம் நாட்டிலே முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்ப்பதற்கு, அருகில் வசிப்போர் என்ற பிரிவிலே, கடந்த ஐந்து ஆண்டுகளின் வாக்காளர் இடாப்பைப் பார்த்தே புள்ளி வழங்குகிறார்கள். என் மகளுக்கு அப்போது வயது மூன்று. கல்விச் சேவையினரின் பிள்ளைகளுக்கு ஒரு சிறு ஒதுக்கீடு உண்டே என்று எங்கள் அதிபர் தேற்றினார். எனக்கு உண்டு, எனக்கு முன்னே அதே நிபந்தனைக்குத் தலையாட்டிய பஸ் நடத்துநருக்கும் கடைச் சிப்பந்திக்கும் ஏது?

அம்மையாரின் அச்சத்துக்கு ஒரு கதையுண்டு. அவருடைய தகப்பனார் அறுபதுகளிலே கொட்டாஞ்சேனையிலுள்ள தம் வீட்டை 75 ரூபாவுக்கு வாடகைக்குக் கொடுத்தார். குடியிருந்தவர் இறந்தார், அவர் மகன் தொடர்ந்து இருந்தார். அதே சிறு வாடகையை மாநகர சபையிலே கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டைத் தபாலில் அனுப்புவார். வழக்குத் தகப்பனாரின் ஆயுளைத் தாண்டி நீண்டது. “அவையள் கெட்ட ஆக்கள் இல்லைத் தம்பி, சட்டம் அப்பிடி” என்றார் அம்மையார்.

அந்தச் சட்டம் நம்முடைய சட்டம். இடதுசாரிகள் இதை மறைக்கலாகாது. யுத்தகாலத்திலே, 1942 இல் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு, 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்திலே வலுவடைந்தது. அடுத்த ஆண்டில் வீட்டுடைமைக்கு உச்சவரம்பு வந்தது. ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் வீடமைப்பு அமைச்சராயிருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன். அச்சட்டங்களால் தெருவுக்குத் தள்ளப்படாமல் தப்பிய குடும்பங்கள் பல. வாடகைக்கு இருந்தவரே வீட்டை வாங்கி உரிமையாளர் ஆனதும் உண்டு. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எனினும் ஏற்கெனவே உள்ளே இருந்தவரைக் காத்த சட்டம், இனி வரப்போகிறவருக்குக் கதவைத் திறக்கவில்லை. அதற்கு அரசு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருத்தல் வேண்டும்; தேவைக்கேற்ப அது நடக்கவில்லை. 1980 ஆம் ஆண்டுத் திருத்தம் புதிதாகக் கட்டப்படும் குடியிருப்பு வீடுகளைச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. அதன் பின்னர் எங்களைப் போன்றோர்க்குப் பாதுகாப்பு இல்லாது போயிற்று; வீட்டுக்காரருக்கோ பழைய அச்சம் மட்டும் எஞ்சிற்று. ஒரு கடிதம், ஒரு பதிவு, ஒரு பற்றுச்சீட்டு கொடுத்துவிட்டால் வீடு போய்விடும் என்று ஓய்வூதியத்தில் வாழும் ஓர் ஆசிரியை நடுங்குகிறார். வீடுள்ள ஆசிரியையும் வீடில்லாத ஆசிரியனும் ஒருவரையொருவர் ஐயுற்று நிற்க, காலி வீதியின் இருமருங்கும் தொடர்மாடி கட்டி விற்பவர்கள் நிம்மதியாக உறங்குகிறார்கள்.

ஆனால் இடாப்பு என்ற சொல் எனக்கு வேறொன்றையும் நினைவூட்டியது. என் பாட்டனார் 1947 ஆம் ஆண்டுத் தேர்தலிலே வாக்களித்தவர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்ற தேர்தல் அது. அடுத்த ஆண்டிலே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தல் திருத்தச் சட்டம் வந்தது. அவர் பெயர் இடாப்பிலிருந்து போயிற்று. பாட்டனார் மறுமுறை வாக்களிக்காமலே இறந்தார். என் தகப்பனார் இந்த மண்ணிலே பிறந்து, முப்பது வயதைக் கடந்து, 1988 ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னரே பிரஜையானார். அதற்குரிய தாளைத் தகரப் பெட்டியிலே, அம்மாவின் தோட்டுக்கு அடியிலே வைத்திருக்கிறார். அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார்.

நாங்கள் குடிவந்து நான்கு மாதம் கழித்து அவர் எங்களைப் பார்க்க வந்தார். தோளிலே ஒரு பை நிறைய லீக்ஸும் கரட்டும், மடியிலே தேயிலைத் தூள். அம்மையார் வாசலுக்கு வந்து அன்போடு வரவேற்றார்.

“ஐயா தோட்டத்திலை கிளாக்கராய் இருந்தனீங்களோ?”

அப்பா சிரித்தார். “கிளாக்கரா? நான் கவ்வாத்து வெட்டுனவன்ங்க. முப்பத்தெட்டு வருசம்.” இடக்கையை விரித்துக் கத்தி பட்ட தழும்பையும் காட்டினார், ஏதோ பட்டப்படிப்புச் சான்றிதழைக் காட்டுபவர் போல.

அம்மையார் என்னைப் பார்த்தார். நான் லீக்ஸ் பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். மறுநாட் காலை கிணற்றடியிலே, “முதலே சொல்லியிருக்கலாம், தம்பி” என்றார். சொல்லியிருந்தால் வீடு தந்திருப்பீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரிடம் உண்மையான விடை இருந்திருக்குமா என்பதும் எனக்கு ஐயமே. ஆயினும் அன்று மத்தியானம் அப்பாவுக்கென்று ஒடியற்கூழ் கொண்டுவந்து வைத்தார். அப்பா அதுவரை அதை உண்டதில்லை. இரண்டு கோப்பை குடித்தார்.

போகும் முன் அப்பா கேட்டார்: “இங்க பேரு பதிஞ்சாச்சா?”

நிபந்தனையைச் சொன்னேன். துண்டை மடித்துத் தோளிலே போட்டுக்கொண்டு சற்று நேரம் இருந்தார்.

“அப்ப நீ இங்க இல்லையாடா?”

இவ்வாண்டு இடாப்புத் திருத்தத்துக்கான படிவத்தைக் கிராம உத்தியோகத்தர் கொண்டுவந்து கொடுத்தபோது, பாட்டனாரின் கதையையும் தகரப் பெட்டியின் கதையையும் அம்மையாரிடம் சொன்னேன். வாடகை ஒப்பந்தத்தை எழுதிக் கையெழுத்திடுவோம், இடாப்பிலே பெயர் இருப்பதால் வீடு எனக்குச் சொந்தமாகாது என்றும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மகனோடு கதைக்க வேணும் என்றார். கனடாவிலிருந்து மகன் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. படிவம் அவருடைய மேசையிலே, கணிதப் புத்தகங்களின்மேல் கிடக்கிறது. அதில் இன்னும் பல பெயர்களுக்கு இடமுண்டு. தம் பெயரை மட்டும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை கிராம உத்தியோகத்தர் அதைத் திருப்பி எடுக்க வருகிறார்.