நின்றால்தான் காபி

கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர்வரை கேரவனில் போகிறவர்கள் பொடியையும் பில்டரையும் கையோடு கொண்டுபோகலாம். தண்ணீரும் பாலும் நெருப்பும் வழியெல்லாம் மாறிக்கொண்டே வரும்.

தேசிய நெடுஞ்சாலை 44ல் பில்டர் காபி எந்த ஊரோடு முடிகிறது என்று யாரும் கல் நட்டு வைக்கவில்லை. ஆனாலும் அந்த எல்லை இருக்கத்தான் செய்கிறது. கன்னியாகுமரியில் கிளம்பி மதுரை, நாமக்கல், சேலம், ஓசூர் வழியாக பெங்களூர் போகும்வரை கவலை இல்லை. அனந்தபூரிலும் கர்நூலிலும்கூட டவராவும் டம்ளரும் கண்ணில் படும். ஹைதராபாத்தில் இரானி டீ குறுக்கே வந்துவிடுகிறது. நாக்பூரைத் தாண்டி, பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டி மத்தியப் பிரதேசத்துக்குள் சாலை நுழைந்த பிறகு, தாபாவில் காபி கேட்டால் வருவது வேறு பானம். இன்ஸ்டன்ட் பொடியையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்துப் பாலை ஊற்றித் தருகிறார்கள். வடக்கே கல்யாண வீடுகளில் அதன் தலையில் சாக்லெட் பொடியைத் தூவி ‘எஸ்பிரஸோ’ என்று பெயர் சூட்டுவதும் உண்டு. ஸ்ரீநகர் போய்ச் சேர இன்னும் ஏறக்குறைய பாதி வழி பாக்கி இருக்கும்.

நடுவில் சில தீவுகள் உண்டு. காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் 1957லிருந்து கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து நடத்தத் தொடங்கிய இந்தியன் காபி ஹவுஸ்கள்தான் அவை. நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே விலகினால் ஜபல்பூரில் ஒன்றைப் பிடிக்கலாம். டெல்லியில் மோகன் சிங் பிளேஸ் மாடியில் இன்னொன்று. ஆனால் காலை ஐந்தரை மணிக்கு, பல் தேய்த்த கையோடு காபி தேடுகிறவருக்கு ஜபல்பூர் எந்த வகையில் உதவும்? தன் காபியைத் தானே போட்டுக்கொள்வதுதான் வழி.

கேரவன் என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் ஏறி உட்கார்ந்துகொள்ளும் வண்டி. இப்போது படுக்கை, கழிப்பறை, சின்னச் சமையல் மேடை எல்லாம் வைத்த வண்டியில் குடும்பங்களும் ஊர் சுற்றுகின்றன. கேரளம் 2021ல் இதற்கென்றே ஒரு சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. வேனை வாங்கித் தாங்களே மாற்றி அமைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

தமிழர்களுக்கு இது அப்படி ஒன்றும் புதிதும் அல்ல. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள் பல பத்தாண்டுகளாக லாரியில்தான் குடித்தனம் நடத்துகிறார்கள். அரிசி, புளி, மிளகாய்ப் பொடி, அடுப்பு எல்லாம் லாரிப் பெட்டிக்குள் இருக்கும். பஞ்சாபில் கோதுமைக்கு நடுவே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கீழே இறங்கி, லாரி நிழலில் உலை வைப்பார்கள். ‘கீழே இறங்கி’ என்பது அதில் முக்கியமான விஷயம். கேரவன்காரர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடமும் அதுதான்.

காபிப் பொடியில் ஆரம்பிக்கலாம். நாட்டின் காபியில் சுமார் 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது. வடக்கே போகிறவர்கள் பெங்களூரில் வாங்கிக்கொள்வது உத்தமம். நான்கு பேருக்கு இரண்டு வேளை என்றால் ஒரு நாளைக்கு 80 கிராம். 25 நாள் பயணத்துக்கு இரண்டு கிலோ ஆகிவிடும். மொத்தத்தையும் அரைத்து ஒரே டப்பாவில் அடைத்தால் இரண்டாவது வாரத்திலேயே வாசனை பாதி போய்விடும். வறுத்த கொட்டையாக வாங்கி, கையால் சுற்றும் சின்ன மெஷினில் அன்றன்றைக்கு அரைத்துக்கொள்ளலாம். முடியாதவர்கள் கால் கிலோ பொட்டலங்களாக ஒட்டி வாங்கி ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். மே மாதத்தில் வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். பொடியை மேல் அலமாரியில் வைக்காமல், என்ஜினிலிருந்து விலகிய கீழ்த்தட்டில் வைப்பது நல்லது.

சிக்கரி வேண்டுமா என்பது குடும்பச் சண்டை. அதில் தலையிடத் தேவையில்லை. சிக்கரி கலந்த பொடியில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எனவே பாக்கெட்டைத் திருப்பிப் படிப்பது லாபம். தென்னிந்தியாவின் பெருமையான இந்தக் கலவையில் சேரும் சிக்கரி விளைவதோ குஜராத்தின் ஜாம்நகர் பக்கத்திலும் உத்தரப் பிரதேசத்திலும்!

பொடி மாறாமல் கூடவே வரும். தண்ணீர் அப்படி வராது. கும்பகோணத்துக்காரர்கள் தங்கள் காபிக்குக் காவிரியைக் காரணம் சொல்வதில் வெறும் ஊர்ப்பற்று மட்டும் இல்லை. தக்காணத்தின் பாறைகளுக்கு அடியிலிருந்து வரும் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் காபியின் இயல்பான புளிப்பை முறித்துவிடுகிறது. டிகாக்‌ஷன் கறுப்பாக இறங்கினாலும் வாயில் சப்பென்று இருப்பது இதனால்தான். கெட்டிலின் அடியில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்தே தண்ணீரை எடை போட்டுவிடலாம். இப்படிப்பட்ட தண்ணீரை இரவே கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலாக வடித்துக்கொண்டால் கடினம் ஓரளவு குறையும். அதற்காக ஒரேயடியாக ஆர்.ஓ. தண்ணீருக்குத் தாவினால் எதிர்ப்பக்கத் தொல்லை. உப்பே இல்லாத தண்ணீரில் காபியின் சுவை முழுசாக இறங்குவதில்லை. இரண்டு பங்கு ஆர்.ஓ. தண்ணீருக்கு ஒரு பங்கு நல்ல குழாய்த் தண்ணீர் என்று கலப்பது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. கேரவனின் பெரிய தொட்டித் தண்ணீர் பாத்திரம் கழுவ. காபிக்கு ஐந்து லிட்டர் கேன் தனி.

அடுத்து பால். ஆந்திரத்திலும் பிறகு வடக்கே ஹரியானா, பஞ்சாபிலும் எருமைப் பால் தாராளம். பசும்பாலில் கொழுப்பு சுமார் 4 சதவீதம் என்றால் எருமைப் பாலில் 6, 7 சதவீதம். வெள்ளை வெளேரென்று கெட்டியாக இருக்கும் அந்தப் பால் டிகாக்‌ஷனை அப்படியே விழுங்கிவிடும். வீட்டில் போடும் அளவையே அங்கும் போட்டால் காபி பாயசம் போல் ஆகிவிடும். முக்கால் பங்கு பாலுக்குக் கால் பங்கு தண்ணீர் சேர்த்து, டிகாக்‌ஷனையும் கொஞ்சம் கூட்டினால் நிறம் பழைய நிலைக்கு வரும். சிக்கரிக் கலவை இங்கே கைகொடுக்கும். பால் கிடைக்காத இடத்துக்கு, பிரிக்காதவரை மாதக்கணக்கில் கெடாத டெட்ரா பேக் இருக்கிறது. அதில் லேசான காய்ந்த வாடை அடிக்கும். ஆபத்துக்குப் பாவமில்லை.

தண்ணீரும் பாலும் சரியாக அமைந்தாலும் பில்டர் ஒரு பிடிவாதக்காரப் பாத்திரம். ஓடுகிற வண்டியில் அது வேலை செய்யாது. மேல் அடுக்கில் நாலு கரண்டி பொடி, அதன்மேல் 250 மி.லி. கொதிநீர், பிறகு அசையாமல் இருபது நிமிடம். குலுக்கலில் பொடி விரிசல் விட்டால் தண்ணீர் அந்த விரிசல் வழியே ஓடிவிடும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலும் இதே கதை. தாழ்ந்த பக்கத்துப் பொடியில் மட்டும் தண்ணீர் இறங்கி, மறுபக்கத்துப் பொடி பாதி வேகாமல் கிடக்கும். அனுபவப்பட்டவர்கள் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்து வண்டியைச் சமன் செய்துவிட்டுத்தான் பில்டரை எடுக்கிறார்கள். படுத்தால் தலைப்பக்கம் தாழாமல் இருப்பது உபரி லாபம். இரவு தங்கியதும் டிகாக்‌ஷன் இறக்கி பிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் பாலைக் காய்ச்சினால் போதும்.

ஜம்மு தாண்டியதும் மலை ஆரம்பிக்கிறது. ராம்பன் அருகே மண் சரிந்தால் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். அப்போது கேரவனில் இருப்பவர்களைச் சுற்றி மற்ற வண்டிக்காரர்கள் பொறாமையோடு நடமாடுவார்கள். ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்ரீநகரில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. காபிக்கு அது போதும். ஸ்ரீநகரோடு திரும்பாமல் ஜோஜி லா கணவாய் ஏறி லே வரை போகிறவர்களுக்குத்தான் சோதனை. 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். 3,500 மீட்டரில் உள்ள லேயில் 88 டிகிரியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. அங்கே பொடியைக் கொஞ்சம் கூட்டி, பில்டரை முன்கூட்டியே சுடவைத்து, இறங்க இன்னும் பத்து நிமிடம் விட வேண்டும். முதல் நாளில் மூச்சு வாங்குவதால் வேறு அவசரமும் யாருக்கும் இருக்காது.

குளிர் இன்னொரு வேலை செய்யும். சமையல் வாயுவில் இருக்கும் பியூட்டேன் பூஜ்ய டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால் ஆவியாக மறுக்கிறது. சிலிண்டர் கனமாகத்தான் இருக்கும், அடுப்பு எரியாது. இந்த நேரத்தில் சிலர் சிலிண்டரை வண்டிக்குள் கொண்டுவந்து, ஜன்னலையெல்லாம் மூடிவிட்டு அடுப்பு மூட்டுகிறார்கள். காபி உயிர் விஷயமாக மாறுவது இங்கேதான்.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் குளம்போல் தேங்கும். மேல் ஜன்னலைத் திறந்துவைத்தால் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. தரை மட்டத்தில் காற்றுப்போக்கு வேண்டும். சிலிண்டருக்கு வெளிப்பக்கமாக மட்டும் திறக்கும் தனி அறை வேண்டும். மூடிய வண்டியில் அடுப்பு எரிந்தால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அடுப்பை எரியவிட்டுத் தூங்குகிறவர்கள் விழிக்காமலே போகலாம்.

மதுரை இதைப் பார்த்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, லக்னோவிலிருந்து யாத்திரை வந்த பயணிகளின் தனிப் பெட்டி மதுரை ரயில்வே யார்டில் நின்றுகொண்டிருந்தது. விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அடுப்பு மூட்டியது காலைக் காபி, டீக்காக என்று அப்போது செய்திகள் வந்தன. ரயில் பெட்டியும் கேரவனும் ஒன்றல்ல. குறுகிய கதவு, மெத்தை, திரைச்சீலை, தூக்கக் கலக்கம் எல்லாம் இரண்டுக்கும் பொது.

மின்சாரத்துக்கு மாறினால் இந்தப் பயம் பெருமளவு குறையும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க, விரயத்தையும் சேர்த்து, 60 வாட் மணி அளவுக்கு மின்சாரம் போதும். 100 ஆம்பியர் மணி கொண்ட 12 வோல்ட் பேட்டரியில் இருப்பது சுமார் 1,200 வாட் மணி. கணக்குப்படி இது ஐந்து சதவீதம்தான். சிக்கல் அளவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. 1,000 வாட் கெட்டில் ஒன்று 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய ஒயர் போட்டிருந்தால் கொதிப்பது தண்ணீர் மட்டுமாக இருக்காது. தடித்த கேபிள், சரியான பியூஸ், தாங்கக்கூடிய இன்வெர்ட்டர் மூன்றையும் தெரிந்த எலெக்ட்ரீஷியன் பொருத்த வேண்டும்.

நம் நாட்டில் கேரவன் நிறுத்துவதற்கென்று அமைந்த இடங்கள் குறைவு. இரவில் பெரும்பாலோர் ஒதுங்குவது பெட்ரோல் பங்க்கில் அல்லது தாபாவில். பங்க்கில் தீக்குச்சியே கிழிக்கக் கூடாது. தாபாவில் அந்தக் கஷ்டம் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் சின்ன அடுப்பை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அவர்களிடமே பாலையும் வாங்கிக்கொள்ளலாம். வேடிக்கை பார்க்க வருகிற டிரைவருக்கும் ஒரு டம்ளர் ஆற்றிக் கொடுப்பது மரியாதை.

எல்லாம் முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடி, அடுப்பு ஆறியதும் அதன் அறையில் வைத்துப் பூட்டி, பில்டரைக் கழுவிக் கவிழ்த்து, சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டைகளை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வண்டிச் சாவி.