நமக்கு எதற்குக் குதிரை?

2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் 21 வயது தலித் இளைஞர் கொல்லப்பட்டார். அவர் குதிரை வைத்திருந்ததும் அதில் ஏறிப் போனதும் ஆதிக்கச் சாதியினரை உறுத்தியது என்றார் அவருடைய அப்பா. குதிரை ஏறப் பழக வேண்டும் என்ற பிடிவாதம் எனக்குள் அன்று விழுந்தது.

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரஸ்ஸாஜ் குழுப் பிரிவில் இந்தியா தங்கம் வென்றபோது, பழகினால் இதைத்தான் என்று முடிவெடுத்தேன். இதில் வேகம் முக்கியமல்ல. உட்காரும் விதம், கால் அழுத்தம், கடிவாளத்தின் சிறு அசைவு, இவற்றால் குதிரையோடு பேச வேண்டும்.

பள்ளி தேடுவதுதான் பெரும்பாடு. ஓரிடத்தில் சிறுவர்களுக்கு மட்டும். இன்னொன்றில் வகுப்பெல்லாம் வேலை நாளில். மூன்றாவது இடத்தில், “ஊர்ல எந்தத் தெரு?” என்றார்கள். போனை வைத்துவிட்டேன்.

நான்காவது இடத்தில் எடையும் முதுகுவலி உண்டா என்பதும் மட்டும் கேட்டார்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வகுப்பு. மணல் மைதானத்தின் ஓரங்களில் எழுத்துப் பலகைகள். ஏ-யில் நுழைந்து சி-யை நோக்கி நேராகப் போக வேண்டும். எனக்குக் கோடு வளைந்தது.

“குதிரையை இழுக்காதீங்க. நீங்க நிமிர்ந்து உட்காருங்க” என்றார் பயிற்றுநர்.

கட்டணம் அதிகம்தான், எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அதை மாற்றக் கேட்போம். ஆனால் தோழர்களே, “நமக்கு எதற்கு இது?” என்று நாமே கேட்க வேண்டாம். அதைக் கேட்க ஊரில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள்.