மாட்டின் வாய்க்குள் போவது

விசர் மாட்டு நோய் இலங்கையில் இதுவரை பதிவானதில்லை. கால்வாய் நோயும் தொண்டையடைப்பானும் உண்ணிக் காய்ச்சலும் பட்டிகளை அலைக்கழிக்கும் திருகோணமலை மாவட்டத்தில், இல்லாத நோயைப் பற்றி ஒரு கால்நடை வைத்தியர் ஏன் யோசிக்க வேண்டும் என்று பயிற்சிக்கு வரும் இளையவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் அவர்களை வகுப்பறையில் உட்கார வைப்பதில்லை. தீனிக் கடைக்குக் கூட்டிப் போவேன்.

போகும் வழியில் அடிப்படையைச் சொல்லிவிடுவேன். இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. நிற்கிற மாட்டில் இரத்தம் எடுத்து உறுதிசெய்யவும் முடியாது. காரணம் வைரஸோ பக்டீரியாவோ அல்ல. மூளையில் இயல்பாகவே இருக்கும் ஒரு புரதம் தவறாக மடிந்து, அருகிலுள்ள நல்ல புரதங்களையும் தன் வடிவத்துக்கு இழுக்கிறது. 1982இல் ஸ்டான்லி புருசினர் அதற்குப் பிரையோன் என்று பெயர் வைத்தார். சக விஞ்ஞானிகள் பலர் நம்ப மறுத்தார்கள். 1997இல் அதே வேலைக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொதிக்க வைத்தாலும் போர்மலினில் ஊற வைத்தாலும் அது செயலிழப்பதில்லை. மண்ணில் மூன்று வருடம் புதைத்து வைத்த மூளைத் திசுவிலும் தொற்றும் தன்மை எஞ்சியிருந்ததை 1991இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆக, வந்த பிறகு செய்வதற்கு எங்களிடம் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியதெல்லாம் வருவதற்கு முன்தான். அதனால்தான் தீனிக் கடை.

பிரித்தானியாவில் நடந்ததும் தீனியில்தான் தொடங்கியது. அறுத்த மாடுகளின் கழிவை உருக்கி, இறைச்சி எலும்பு மாவாக அரைத்து, புரதம் மலிவு என்று திரும்பவும் மாட்டுக் கன்றுகளுக்கே கொடுத்தார்கள். 1986 நவம்பரில் நோய் அடையாளம் காணப்பட்டது. 1988இல் அந்தத் தீனிக்குத் தடை வந்தது. ஆனால் தொற்றிய மாடு நோயைக் காட்டச் சராசரியாக ஐந்து வருடம் எடுக்கும். தடைக்குப் பிறகும் நோயுற்ற மாடுகளின் எண்ணிக்கை 1992 வரை ஏறிக்கொண்டே போனதற்கு அதுவே முதற்காரணம். கோழிக்கும் பன்றிக்கும் என்று அரைத்த தீனி ஆலையிலேயே மாட்டுத் தீனியோடு கலந்தது இன்னொன்று. மொத்தம் 180,000க்கும் மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதியானது. 1996 மார்ச்சில் மனிதருக்கும் தொடர்பு உண்டென்று அந்த நாட்டு அரசு ஒத்துக்கொண்டது. அங்கே 178 பேர் இறந்தார்கள். லண்டனில் வாழ்ந்துவிட்டு மெல்பேர்னில் குடியேறிய எங்கள் சனத்துக்கு இந்த நோய்ப் பயத்தின் நீளம் தெரியும்: 1980க்கும் 1996க்கும் இடையில் ஆறு மாதம் பிரித்தானியாவில் இருந்தவர்களிடம் அவுஸ்திரேலியா 2022 வரை இரத்ததானம் வாங்கவில்லை.

எங்கள் மாவட்டத்து மாடுகள் என்ன தின்கின்றன? தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், வெருகல் பக்கத்துப் பட்டி மாடுகள் பெரும்பாலும் புல்லும் வைக்கோலும்தான். அறுவடை முடிந்த வயல், குளத்தின் அலைகரை, காட்டு ஓரம் என்று மேய்கின்றன. கையால் தீனி வைப்பவர்கள் அரிசித் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் வைப்பார்கள். சீனக்குடா மாவாலையில் கப்பல் கோதுமை அரைபட்டு வரும் தவிடும் உண்டு. இவற்றில் விலங்குப் புரதம் இல்லை. உலக விலங்கு சுகாதார அமைப்பு ஒரு நாட்டிடம் முதலில் கேட்பது இரண்டு விஷயம்: நோய் உள்ளே வர வழி உண்டா, வந்தால் மாட்டின் வாய்வரை போக வழி உண்டா. இரண்டாவது கேள்விக்கு எங்கள் பட்டிக்காரர் தெரியாமலே நல்ல பதிலை எழுதி வைத்திருக்கிறார். தம்பலகாமத்து எருமைத் தயிரின் ருசிக்கு எது காரணமோ, அதுவே அந்த எருமைகளின் பாதுகாப்புக்கும் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

கவலை வேறு பக்கத்தில் இருந்து வருகிறது. மேய்ச்சல் தரை சுருங்குகிறது. ஒரு பக்கம் வேளாண்மை, மறுபக்கம் வேலி. மாடு மேய இடமில்லாத இடத்தில் மூட்டைத் தீனி வரும். மூட்டை வந்தால் அதற்குள் இருப்பதைப் பற்றிய கேள்வியும் வரும். கோழித் தீனியில் இறைச்சி எலும்பு மாவு சேர்ப்பது பல நாடுகளில் வழக்கம். கோழிக்கு அதனால் இந்த நோய் வருவதில்லை. பழுதுபட்ட கோழித் தீனி மலிவாகக் கிடைக்கிறதென்று பால் மாட்டுக்கு வைப்பது, கோழிக்கூட்டுக் கழிவை மாட்டுக்குப் போடுவது, இரண்டும்தான் எனக்குப் பயம். 2022 பொருளாதார நெருக்கடியில் தீனி விலை ஏறியபோது கையில் கிடைத்ததைக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த வருடத்தைப் போன்ற வருடங்களில்தான் மாட்டின் எலும்பு மீண்டும் மாட்டின் வாய்க்கே போகும் சங்கிலி மூடும்.

கடையில் மூட்டைச் சீட்டை வாசிப்பது முதல் வேலை. எந்த இனத்துக்கான தீனி, உள்ளே என்ன, எங்கிருந்து வந்தது. பிறகு ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, கைவில்லையால் பார்ப்போம். ஆய்வுகூடத்தில் முறையாகச் செய்வதென்றால், கனமான ஒரு கரைப்பானில் மாவைப் போட்டுக் கலக்குவார்கள். தவிடும் தானியமும் மேலே மிதக்க, எலும்புத் துகள் அடியில் தங்கும். அந்த அடிமண்டியை நுணுக்குக்காட்டியில் வைத்தால் மீன் எலும்பா, தரை விலங்கின் எலும்பா என்று பிரித்துச் சொல்லலாம். எலும்புக்குள் இருக்கும் நுண்குழிகளின் வடிவம் இரண்டிலும் வேறு. துறைமுக ஊரில் இந்தப் பிரிப்பு முக்கியம். கருவாட்டுத் தூளும் மீன் கழிவும் இங்கே தீனிக்குப் போகின்றன. எலும்பு கண்ட உடனே கூச்சல் போட்டால் நாலு மீனவக் குடும்பத்தின் வருமானம் வீணாகப் போகும்.

இன்னொன்றையும் பார்க்கப் பழக்குவேன். கோடை முற்றியதும் சில மாடுகள் கிடந்த எலும்பை எடுத்துச் சப்பும். புல்லில் பொசுபரசு குறைந்ததன் அடையாளம் அது. பழைய ஆட்கள் அதைக் குறும்பு என்று விடுவார்கள். செத்த மாட்டை அப்படியே காட்டோரம் இழுத்துப் போடும் வழக்கமும் இதுவும் ஒன்று சேர்ந்தால், ஆலையே இல்லாமல் ஒரு மாடு இன்னொரு மாட்டைத் தின்கிறது. இதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். தாதுப்புக் கட்டி ஒன்றைப் பட்டியில் தொங்கவிடுவதும், செத்ததை ஆழமாகப் புதைப்பதும் போதும்.

இனி தள்ளாடும் மாடு. ஒரு தடவை தம்பலகாமத்தில் பட்டிக்காரர் ஒருவர் ஆளனுப்பினார். போனதும் அவர் கேட்டது, "டொக்டர், தொண்டையில ஏதோ சிக்கியிருக்கு, கையை விட்டுப் பார்க்கட்டா?" "அண்ணை, கையை எடுங்கோ. முதல்ல எத்தனை நாளா என்று சொல்லுங்கோ," என்றேன். எங்கள் மாவட்டத்தில் நரம்புக் கோளாறோடு நிற்கும் மாட்டுக்கு முதலில் நினைக்க வேண்டியது நாய்க்கடியால் வரும் விசர். வாய்நீரில் கை வைத்தவரின் உயிருக்கே ஆபத்து வரலாம். நாட்களின் எண்ணிக்கைதான் எனக்குப் பெரிய கருவி. நாய் விசர் மாட்டைப் பெரும்பாலும் பத்து நாளுக்குள் கொன்றுவிடும். பிரையோன் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இழுக்கும். நன்றாகத் தின்றபடியே மாடு மெலியும். கறக்கப் போனால் வழக்கமில்லாமல் உதைக்கும். பின்னங்கால்களை உயரத் தூக்கி வைத்து நடக்கும்.

பிரித்தானியப் புத்தகங்கள் மாடு தொழுவத்து வாசலைத் தாண்டத் தயங்குகிறதா என்று பார்க்கச் சொல்கின்றன. எங்கள் பட்டிக்கு வாசல் எங்கே? நான் வாய்க்காலைப் பயன்படுத்துவேன். வழக்கமாகத் தாண்டும் வாய்க்காலின் கரையில் மாடு நின்று நடுங்குகிறதா, தலையைத் தாழ்த்தித் தரையை முகர்கிறதா என்று பார்ப்பேன். பிறகு எதிர்பாராமல் ஒரு கைதட்டல், கழுத்தில் குச்சியால் மெல்லத் தொடுதல், டோர்ச் வெளிச்சம். மூன்றுக்கும் ஒவ்வொரு தடவையும் அதே அளவு திடுக்கிட்டால் குறிப்பேட்டில் எழுதுவேன். பாற்காய்ச்சலா, ஈய நஞ்சா, பூச்சிமருந்தா என்று ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். தம்பலகாமத்து மாடு நான்காம் நாள் செத்தது. அந்த வேகமே பிரையோனைக் கழித்துவிட்டது. பட்டிக்காரருக்கு நாய் விசருக்கான ஊசி போட அனுப்பினோம்.

செத்த பிறகு மூளை. மண்டையைப் பிளக்கத் தேவையில்லை. கழுத்திலிருந்து தலையைப் பிரித்தால் பின்பக்கம் தெரியும் பெருந்துளை வழியாக நீண்ட கரண்டியை விட்டு, முகுளத்தின் வி வடிவப் பகுதியை உடையாமல் எடுக்கலாம். மூளையில் பிரையோன் அங்கேதான் முதலில் திரளும். பாதியைப் போர்மலினில், பாதியைப் பனிக்கட்டியில் வைத்துக் கன்னொறுவை கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பலாம். கண்ணாடி, இரட்டைக் கையுறை கட்டாயம். மின்வாள் வேண்டவே வேண்டாம். தெறிக்கும்.

கையின் திறமை இவ்வளவுதான், ஒரு நாளில் பழகலாம். கடினமானது, மாடு செத்த செய்தி எனக்கு வருவது. சொன்னால் என்ன கிடைக்கும் என்று பட்டிக்காரர் கேட்பது சரியான கேள்வி. முதிர்ந்த மாடு செத்ததை அறிவிக்கும் ஒவ்வொருவருக்கும், மாட்டின் விலையாக இல்லாவிட்டாலும், புதைக்கும் கூலியையாவது அரசு கொடுக்க வேண்டும். அது இல்லாமல் கண்காணிப்பு என்று நாங்கள் அனுப்பும் படிவங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. தீனியோடு சம்பந்தமே இல்லாமல் வயதான மாடுகளில் தானாகத் தோன்றுவதாகக் கருதப்படும் அரிய வகையும் இந்த நோயில் உண்டு. பால் வற்றிய கிழட்டுப் பசுக்களையும் வைத்துப் பராமரிக்கும் ஊரில் அந்த மாடுகள்தான் நான் பார்க்க வேண்டியவை.

மான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டையிலும் நகர வீதிகளிலும் புள்ளிமான்கள் குப்பைமேட்டைச் சுற்றி நெருக்கமாக வாழ்கின்றன. வட அமெரிக்காவில் மான்களைத் தேய வைத்துக் கொல்லும் பிரையோன் நோய் 1967இல் கொலராடோவில் முதலில் காணப்பட்டது. அது உமிழ்நீர், சிறுநீர், மண் வழியாக மானிலிருந்து மானுக்குப் பரவும். கனடாவிலிருந்து இறக்கிய மான்களோடு தென் கொரியாவுக்குப் போனது. 2016இல் நோர்வேயின் காட்டுக் கலைமானில் தெரிந்ததும், அந்த மந்தையின் ஏறத்தாழ 2,000 மான்களையும் அந்த நாடு அழித்தது. எங்கள் மான்களுக்கு இன்று எமன் பொலித்தீன்தான். ஆனாலும் வெளிநாட்டு மான் ஒன்று கூட, மிருகக்காட்சிக்கென்றாலும், இந்த மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று அனுமதிக் கடிதங்களில் நான் ஒவ்வொரு முறையும் எழுதுவேன். செத்த மானின் வயிற்றைத் திறந்து பொலித்தீனை எடுத்து நிறுக்கும் வனஜீவராசிகள் திணைக்கள வைத்தியர்களிடம் முகுளத்தையும் ஒரு போத்தலில் எடுத்து வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேலதிகமாக அரை மணி நேரமும் ஒரு கரண்டியும் போதும்.