720 பாகை

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் எனக்குக் கரும்பலகையில் வரையப்படும் திண்மங்கள் கோடுகளாகவே தெரிந்தன. கடதாசியில் செய்து பார்த்த பிறகுதான் அவை திண்மங்களாயின.

வெசாக் காலத்தில் வெள்ளவத்தையில் தொங்கிய கூடொன்றைப் பார்த்து முதலாவதைச் செய்தேன். 6 சதுரங்கள், 8 முக்கோணங்கள். ஓர் உச்சியில் சந்திக்கும் கோணங்களின் கூட்டுத்தொகை 300 பாகை. 360 ஆக இருந்தால் கடதாசி தட்டையாகவே கிடக்கும். குறைகின்ற 60 பாகைதான் அதை வளைக்கிறது. 12 உச்சிகளிலும் மொத்தக் குறைவு 720 பாகை.

அடுத்து 12 ஐங்கோணிகளையும் 20 அறுகோணிகளையும் ஒட்டி ஒரு காற்பந்து செய்தேன். இதில் 60 உச்சிகள். ஒவ்வொன்றிலும் குறைவு 12 பாகை மட்டுமே. பெருக்கினேன். அதே 720! சதுரமுகிக்கும் 8 உச்சிகள், 90 பாகை வீதம் 720. குறைவு மாறுவதில்லை, பல உச்சிகளுக்குச் சிறிது சிறிதாகப் பங்கிடப்படும்போது உருவம் கோளத்தை நெருங்குகிறது.

இவ்விதியை 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் டெக்காட் கண்டார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பக்தாதில் அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ (940–998), கோளத்தின் மேற்பரப்பை ஒழுங்கான பல்கோணிகளாகப் பிரிக்கும் முறைகளை எழுதினார். அந்த நூலைக் கைவினைஞர்களுக்காகவே எழுதினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கணிதம் கைகளுக்கும் உரியது அல்லவா?

"பொம்புளப் புள்ளைக்கு இந்தக் கஷ்டமான பாடம் எதுக்கு?" என்று மாமி ஒருநாள் கேட்டார். பந்தை அவர் கையில் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் ஐங்கோணிகளை எண்ணத் தொடங்கினார்.