அடுப்பை விட்டு நகர முடியாது

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் உள்ள கூச்சிங்கில் நான் முதலில் தேடிப் போனது சாப்பாட்டைத்தான். ஒரு சீனர் காபிக்கடையில் காலையிலேயே சரவாக் லக்சா கிடைத்தது. இறால் சாறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த காரக் குழம்பு, அதில் அரிசிச் சேமியா, நீளமாக நறுக்கிய முட்டை, மேலே கொத்தமல்லித் தழை. கொஞ்ச தூரத்தில், மசாலாக் கடைகளுக்கு நடுவே ஒரு சந்து. அதற்குள், 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல். மல்லியும் சீரகமும் மணக்கும் அந்தச் சந்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

ஆற்றோரக் கடைவீதி முழுக்க 'கேக் லாப்பிஸ்' விற்கிறார்கள். லாப்பிஸ் என்றால் அடுக்கு. வெட்டிய முகத்தில் சிவப்பு, பச்சை, மஞ்சள் எனக் கட்டம் கட்டமாகக் கோலம். ருசி பார்க்கத் துணுக்குகளைத் தட்டில் வைத்திருக்கிறார்கள். பத்துத் துணுக்கு தின்றுவிட்டு, விலை அதிகம் என்று நகர்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதைச் செய்கிறவர்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது.

அவர்களில் பலர் அக்கரையில் இருக்கிறார்கள். 'தம்பாங்' எனும் கூரை போட்ட மரப்படகில் சரவாக் ஆற்றைக் கடந்தேன். 2017இல் நடைபாலம் வந்தபின் ஆட்கள் குறைந்துவிட்டதாகப் படகுக்காரர் சொன்னார். சரவாக்கை ஆண்ட வெள்ளை ராஜாக்களில் இரண்டாமவரான சார்லஸ் புரூக் 1879இல் மனைவி பெயரில் கட்டிய மார்கெரிட்டா கோட்டை மேட்டில் தெரிந்தது. அங்கே நான் போகவில்லை. கரையோர மலாய்க் குடியிருப்பில் ஒரு வீட்டின் பின்கட்டுக்குப் போனேன்.

அங்கே அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. எல்லாரும் 'மக்சிக்' என்று கூப்பிட்டார்கள். நம் 'அத்தை' போல. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் பேசியதை மகள் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

வெண்ணெய், சர்க்கரை, ஏராளமான முட்டை, டின்பால், கொஞ்சம் மாவு. கலவையைப் பாத்திரங்களில் பிரித்து நிறம் சேர்க்கிறார்கள். ஒரு கரண்டி மாவைத் தராசில் நிறுத்துத் தட்டில் ஊற்றி, மேல்சூட்டில் வைக்கிறார்கள். சில நிமிடத்தில் வெந்துவிடும். வெளியே எடுத்து, தட்டையான தகரத்தால் அழுத்திக் காற்றுக் குமிழை வெளியேற்றி, அதன்மேல் அடுத்த கரண்டி. மறுபடி ஓவன். நான் எண்ணியபோது பதினெட்டு அடுக்கு. ஓர் அடுக்கு கருகினால் முந்திய அத்தனையும் வீண். அதனால் மக்சிக் உட்காரவே இல்லை. முன்கையில் வரிவரியாகப் பழைய சூட்டுத் தழும்புகள்.

கோலம் அதற்கப்புறம்தான். ஆறிய கேக்கைப் பட்டைகளாக அறுத்து, பக்கவாட்டில் திருப்பி, ஜாம் தடவி ஒட்டி, மறுபடி குறுக்கே அறுத்து ஒட்டுகிறார்கள். உள்ளே என்ன உருவாகிறது என்று வெட்டும்வரை வெளியே தெரியாது. வரைபடமும் இல்லை. மகளிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. அம்மாவுக்கு அதுவும் வேண்டாம்.

டச்சுக்காரர் காலத்து பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பிறந்த மசாலா கேக்தான் இதற்கு மூலம். அது பழுப்பு நிறம். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தோனேசியாவிலிருந்து இங்கே வந்தபின் இந்த நிறங்களையும் கட்டங்களையும் சேர்த்தவர்கள் சரவாக் பெண்கள். நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்கும், ஈபான் பழங்குடியினரின் காவாய் அறுவடைத் திருநாளுக்கும், கிறிஸ்துமஸுக்கும் இதே கேக்தான் மேசைக்கு வருகிறது. 2021இல் யுனெஸ்கோ கூச்சிங்கை உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. அந்தப் பெருமையில் பெரும்பங்கு இப்படி அடுப்பு முன்னால் நிற்கும் கால்களுக்குச் சேர வேண்டும் என்பேன். கடைவீதியில் கேட்கும் விலை எனக்கு இப்போது குறைவாகவே படுகிறது.

அன்று செய்ததை அவர் விற்கவில்லை. ஓர் இரவு பாரம் வைத்து அழுத்தினால்தான் ஒட்டும் என்றார். மறுநாள் காலை மறுபடி தம்பாங் ஏறினேன். மக்சிக் கேக்கின் ஓரத்தை வெட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்கு எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. அவர் ஒரு மூலையில் விரலை வைத்தார். அங்கே பச்சைக் கோடு நூலளவு சாய்ந்திருந்தது. அதை வீட்டுக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டு, எனக்கு வேறொன்றை எடுத்து வெட்டினார்.